மரபணுச் சோதனையும் சட்டமும்: கேள்வி பதில்

மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். யாரும் ரிப்போர்ட்டை இங்கே போட வேண்டாம்.

கவிதா, ஈரோடு: வயது 36, மூன்றாம் மாதம். டாக்டர் என்ஐபிடி என்ற ரத்தச் சோதனை எழுதியிருக்கிறார். வெறும் ரத்தம் எடுக்க எதற்கு இத்தனை படிவம் மேடம்?

பதில்: தாயின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏ துணுக்குகளும் ஓடுகின்றன. 10 வாரத்துக்குப் பிறகு அவற்றை வைத்து டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுக்கு வாய்ப்பு அதிகமா என்று பார்க்கலாம். ஒய் குரோமோசோம் இருந்தால் ஆண் என்பதும் தெரிந்துவிடும். படிவம் அதனால்தான். 1994-இன் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், கருவின் குரோமோசோம் கோளாறு, பரம்பரை நோய் போன்றவற்றைப் பார்க்க மட்டுமே சோதனையை அனுமதிக்கிறது. 35 வயதைத் தாண்டியிருப்பது ஏற்கத்தக்க காரணம்.

ரிசப்ஷனில் பேனாவால் பெருக்கல் குறி போட்டு "இங்க, இங்க" என்று நீட்டுவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், நகலும் தர வேண்டும். சட்டமே சொல்கிறது, கேட்டு வாங்குங்கள். 'ஹை ரிஸ்க்' என்று வந்தால் பனிக்குட நீர் எடுத்து உறுதிசெய்யாமல் எந்த முடிவுக்கும் போகாதீர்கள்.

பெயர் வேண்டாம்: அந்த ரிப்போர்ட்டிலேயே ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள வழி?

பதில்: கிடையாது. சொன்னவருக்கும் சிறை, கேட்டவருக்கும் சிறை.

செந்தில், ஓசூர்: விவாகரத்து வழக்கு நடக்கிறது. மகன் முடியை மனைவிக்குத் தெரியாமல் லேபுக்கு அனுப்பினால் கோர்ட்டில் செல்லுமா?

பதில்: அனுப்பாதீர்கள். அந்த முடி உங்களுடையது அல்ல, பையனுடையது. திருமண பந்தத்தில் பிறந்த குழந்தை கணவருடையதே என்று சட்டம் முடிவாக எடுத்துக்கொள்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 112-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதிநியமில் 116. கரு உருவான காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் அது உடையும். 2023-இல் இதே மாதிரி விவாகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் குழந்தையின் டிஎன்ஏ சோதனைக்கு மறுத்துவிட்டது. மனைவி தவறினார் என்றால் வேறு சாட்சியம் கொண்டுவா, குழந்தையைப் பகடைக்காய் ஆக்காதே என்பதுதான் சாரம்.

அருண்: அநியாயம். டிஎன்ஏ பொய் சொல்லுமா? ஏமாந்தவன் காலம் பூரா ஜீவனாம்சம் கட்டணுமா?

பதில்: 2014-இல் ஒருவருக்குக் கட்ட வேண்டாம் என்றே தீர்ப்பு வந்தது. இரண்டு முறை சோதித்தும் பொருந்தவில்லை. அனுமானத்தைவிட அறிவியல் உண்மை பெரிது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அது நீதிமன்ற உத்தரவில் நடந்த சோதனை.

மலர்விழி, வழக்கறிஞர்: அருண் சார், ஜீவனாம்ச மனு போட்ட மறுவாரமே டிஎன்ஏ மனு வரும். சந்தேகத்தால் இல்லை, மிரட்டத்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை காதில் அது விழாமல் இருக்குமா?

அருண்: சில பேர் மிரட்டுகிறார்கள் என்பதற்காக எல்லாருக்கும் கதவைச் சாத்துவதா? முன்னாள் முதல்வர் என்.டி. திவாரிக்கு மட்டும், தகப்பனா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்களே!

பதில்: நல்ல உதாரணம், ஆனால் உங்களுக்கு எதிரானது. 2012-இல் நடந்த அந்தச் சோதனையைக் கேட்டது வளர்ந்த மகன். தன் பிறப்பைத் தானே தெரிந்துகொள்ள வந்தவர். செந்தில் மகனிடம் யார் கேட்டார்கள்? அதற்காக மகன் கேட்டாலே கிடைத்துவிடும் என்றும் இல்லை. 2025 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் வளர்ந்த மகன் கேட்டும் உச்ச நீதிமன்றம் மறுத்தது. கரு உருவான காலத்தில் தாயின் கணவர் உடன் வாழ்ந்தவர், அதனால் சட்டப்படி அவரே தகப்பன். தகப்பன் என்று மகன் சொன்ன வேறொருவர் உடம்பிலிருந்து ரத்தம் கேட்க அவருடைய அந்தரங்கமும் குறுக்கே நிற்கிறது. இந்தத் தீர்ப்பு எனக்கே முழுத் திருப்தி இல்லை. இருவரும் வேறு எங்காவது தொடருங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ராஜி: சீனாவில் செய்தது போல மரபணுவைத் திருத்திக் குழந்தை பெறலாமா?

பதில்: அதைச் செய்த விஞ்ஞானி ஹே ஜியான்குய்க்கு 2019-இல் மூன்றாண்டு சிறை. இந்தியாவிலும் அனுமதி இல்லை.

குமார்: ஸ்கேனில் ஆணா பெண்ணா...

பதில்: மேலே படியுங்கள்.

தேவி: மரபணு நோய் என்று சொல்லி மெடிக்ளெய்ம் மறுக்கிறார்கள்.

பதில்: மரபணுக் கோளாறு என்ற விலக்கைக் காட்டி மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 மார்ச்சில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. மறுப்பை எழுத்தில் வாங்கி, குறைதீர்ப்பாளரிடம் போங்கள்.

சுமதி, திருநெல்வேலி: அண்ணனுக்கு ஹீமோபிலியா, ரத்தம் சரியாக உறையாத நோய். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இன்னும் குழந்தை இல்லை. இது ஆண் பிள்ளைக்குத்தானே வரும்? ஆணா என்று பார்த்தால் போதாதா அக்கா?

பதில்: இதைத் திட்ட மாட்டேன் சுமதி. போதாது. நீங்கள் அந்த மரபணுவைச் சுமப்பவராகவே இருந்தாலும், பிறக்கும் மகனுக்கு நோய் வர வாய்ப்பு பாதிதான். மீதிப் பாதி முழு ஆரோக்கியம். பார்க்க வேண்டியது நோயை. பாலினத்தோடு ஒட்டிய பரம்பரை நோய்க்குக் கருவைச் சோதிக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆணா பெண்ணா என்பதை மட்டும் சொல்லக் கூடாது. முதலில் அண்ணன் ரத்தத்தில் எந்த மாற்றம் என்று கண்டுபிடிக்க வேண்டும், பிறகு உங்களுக்கு அது இருக்கிறதா என்று. இரண்டுக்கும் நாள் பிடிக்கும். கருத்தரித்தபின் ஓடி வந்தால் 11-ஆவது வாரத்தில் கருவைச் சோதிப்பதற்குள் இவை முடியாமல் போகலாம். அண்ணனைக் கூட்டிக்கொண்டு இப்போதே போங்கள். அவரும் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.