முதலில் இடுப்பு, அப்புறம் தோள்

கேள்வி: கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) ஓட்டப் பழகுகிறேன். தோள் பெல்ட்டுகளை எவ்வளவு இறுக்கினாலும், காற்று தூக்கிப் போட்டால் தலை கேனபியில் (மேலே உள்ள கண்ணாடி மூடியில்) இடிக்கிறது. நாலு பட்டை பெல்ட்டை மாற்றி ஐந்து பட்டை போடலாமா?

பதில்: தோளை விடுங்கள், இடுப்பைப் பாருங்கள். மடி பெல்ட் வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் தாழ்வாகப் படிய வேண்டும். அதை நன்றாக இறுக்கிய பிறகுதான் தோள் பெல்ட். வரிசை மாறினால் தோள் பெல்ட் பக்கிளை மேலே இழுத்துவிடும். மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கும், குடல் நசுங்கும். என் மாணவர்கள் உட்கார்ந்ததும் பக்கிள் எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சாய்ந்த இருக்கை என்றால், கால்களுக்கு நடுவே வரும் ஐந்தாவது பட்டை நல்லதுதான். ஆனால் விமானக் கையேடு அனுமதிக்க வேண்டும். நீங்களே துளை போடாதீர்கள். மெத்தென்ற ஸ்பாஞ்ச் திண்டும் வேண்டாம், அது அமுங்கினால் பெல்ட் தளரும். பாராசூட்டை மாட்டிக்கொண்டே அளவு பாருங்கள்.