கறுப்பும் வெளுப்பும் ஒரே வேரா?

ஆங்கில 'பிளாக்', 'பிளீச்' இரண்டும் ஒரே சொல்லிலிருந்து வந்தவையா, ஒன்று கறுப்பு, மற்றது வெளுப்பு ஆச்சே என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கிலம், ஜெர்மன் போன்றவை கிளைத்த ஜெர்மானிய மூலமொழி அளவில் இரண்டும் வேறு. 'பிளாக்' *பிளகஸ் என்பதிலிருந்து வந்தது; எரிந்து கரிந்தது என்று பொருள். அடுப்புக்கரியை நினைத்துக்கொள்ளுங்கள். 'பிளீச்' *பிளைகஸ் பக்கத்து உறவு: ஒளிர்வது, வெளிறியது. ஜெர்மன் 'பிளைஷ்' (வெளிறிய) இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறது. சொல்லுக்கு முன் நிற்கும் அந்த உடுக்குறி (*), சொல் ஏட்டில் கிடைக்கவில்லை, கிளைமொழிகளை ஒப்பிட்டு மீட்டது என்பதைக் காட்டுகிறது.

உங்களுக்கு மட்டுமா குழப்பம்? பழைய ஆங்கிலத்தில் ஒன்றுக்குக் குறில், மற்றதற்கு நெடில், அவ்வளவுதான் வித்தியாசம். இடைக்கால ஏடுகளில் எழுத்து கலந்துவிட்டதால், சில வரிகளில் முகம் கறுத்ததா வெளிறியதா என்று அறிஞர்களே திணறுகிறார்கள்.