எல்லாப் பாட்டும் கைப்பேசியிலேயே கிடைக்கும் இந்தக் காலத்தில், பழைய ஹிப்-ஹாப் தொலைக்காட்சிப் பதிவுகளையும், டிஜேக்கள் பலருடைய பாட்டுகளைக் கோத்துத் தயாரித்த மிக்ஸ்டேப்களையும் ஏன் இன்னும் சிலர் தேடி அலைகிறார்கள்? வெறும் ஏக்கம்தானா?

உங்கள் கேள்வியின் முதல் பாதியிலிருந்தே எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எல்லாப் பாட்டும் கைப்பேசியில் கிடைப்பதில்லை. இசை நிறுவனங்கள் உரிமை வாங்கி, முறையாக வெளியிட்ட ஆல்பங்கள் கிடைக்கின்றன. ஆனால் 1980களிலும் 1990களிலும் நியூயார்க்கிலோ ஹூஸ்டனிலோ ஓர் இளைஞர் அன்றாடம் கேட்ட ஹிப்-ஹாப்பில் பெரும்பகுதி, நள்ளிரவு வானொலியிலும், தெருவோரம் விற்ற கேசட்டுகளிலும், பள்ளி விட்டு வந்ததும் பார்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் இருந்தது. அவற்றைப் பத்திரப்படுத்தும் பொறுப்பை எந்த நிறுவனமும் ஏற்கவில்லை. ஏக்கம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அலைகிறவர்களில் பலர் உண்மையிலேயே காணாமல் போன ஒன்றைத்தான் தேடுகிறார்கள்.

இந்த இசை எனக்கு அறிமுகமானது நான் நியூ ஜெர்சியில் வேலை பார்த்த காலத்தில். உடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்தவர். தம்மிடம் இருந்த கேசட்டுகளைக் கணினியில் ஏற்றித் தரும்படி ஒரு செருப்புப் பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெட்டியிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன், ஆகவே இந்தப் பதிலும் பெரும்பாலும் நியூயார்க்கைச் சுற்றியே இருக்கும்.

தொலைக்காட்சி என்றால் எல்லோரும் உடனே சொல்வது 'யோ! எம்டிவி ராப்ஸ்'. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, நியூயார்க் மாநகராட்சிக்குச் சொந்தமான டபிள்யூஎன்ஒய்சி தொலைக்காட்சியின் 31ஆம் அலைவரிசையில் 'வீடியோ மியூசிக் பாக்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையத்தில் பொறியாளராக இருந்த ரால்ஃப் மெக்டேனியல்ஸ், லயனல் மார்ட்டினுடன் சேர்ந்து 1980களின் முற்பகுதியில் அதைத் தொடங்கினார். பிராங்க்ஸ், புரூக்ளின் பகுதிகளின் பல வீடுகளுக்குக் கேபிள் இணைப்பு போய்ச் சேராத காலம் அது. சாதாரண ஆன்டெனா இருந்தாலே இந்த நிகழ்ச்சி கிடைத்தது என்பதுதான் அதன் பெரிய பலம். மெக்டேனியல்ஸ் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வீடியோக்களை மட்டும் போட்டுக்கொண்டிருக்கவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளப்புகளுக்கும் பூங்காக்களுக்கும் போனார். அங்கே கூடியிருந்த சாதாரண மக்கள் கேமராவைப் பார்த்துத் தங்கள் தெருப் பெயரையும் நண்பர்கள் பெயரையும் சொல்லி வணக்கம் வைக்கும் பகுதிக்காகவே பலர் அதைப் பார்த்தார்கள். வூ-டாங் கிளான் என்ற ராப் குழு, ராப் பாடகர் நாஸ் ஆகியோரின் தொடக்ககால வீடியோக்கள் சிலவற்றை இயக்கியவரும் இவரே. இவர் சேர்த்து வைத்த ஆயிரக்கணக்கான மணி நேரப் பதிவுகளைப் பற்றி 2021இல் நாஸ் ஓர் ஆவணப்படம் இயக்கினார்.

'யோ! எம்டிவி ராப்ஸ்' வேறு வகை. முதலில் 1987இல் எம்டிவியின் ஐரோப்பிய ஒளிபரப்பில், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் சோஃபி பிரம்லி தொகுத்து வழங்க வந்தது. அமெரிக்காவில் 1988 ஆகஸ்டில் தொடங்கியது. கிராஃபிட்டி ஓவியரான ஃபேப் 5 ஃப்ரெடி வார இறுதிகளில் கலைஞர்களை அவர்களுடைய ஊரிலேயே போய்ச் சந்திப்பார். லாரியின் பின்புறத்தில் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவினரோடு நின்றுகொண்டு அவர் கலிஃபோர்னியாவின் காம்ப்டன் நகரைச் சுற்றி வந்த பகுதியைப் பார்த்தால், அமெரிக்காவின் மேற்குக் கரை ராப் நாடு முழுவதும் பரவியதில் தொலைக்காட்சிக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பது விளங்கும். வார நாட்களில் எட் லவரும் டாக்டர் ட்ரேயும் வந்தார்கள் (இந்த ட்ரே நியூயார்க்காரர், தயாரிப்பாளர் டாக்டர் ட்ரே வேறு ஆள்). புதன்கிழமைதோறும் எட் லவர் ஆடிய ஓர் ஆட்டம் இருந்தது. அதற்குப் பின்னணியில் ஓடியது, 45 கிங் என்ற டிஜே ஒரு பழைய ஃபங்க் பாட்டிலிருந்து சாக்ஸஃபோன் துணுக்கு ஒன்றை வெட்டியெடுத்து மீண்டும் மீண்டும் சுழலவிட்ட இசை. அந்தத் துணுக்கு இன்றும் காதில் விழுந்தால் ஐம்பதைத் தாண்டியவர்களின் தோள் தானாக அசைவதைப் பார்த்திருக்கிறேன். 1995 ஆகஸ்டில் ஒளிபரப்பான கடைசி நிகழ்ச்சியில் ராக்கிம், கே.ஆர்.எஸ்.-ஒன், சப் ராக் உள்ளிட்ட பலர் வட்டமாக நின்று மைக்கைக் கைமாற்றிப் பாடினார்கள். 'பெட்' அலைவரிசையின் 'ராப் சிட்டி' அதற்குப் பிறகும் 2008 வரை நீடித்தது. அதைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

இவற்றில் பல, பார்வையாளர்கள் வீட்டில் விசிஆரில் பதிவு செய்து வைத்ததால் மட்டுமே இன்று பார்க்கக் கிடைக்கின்றன. டி-120 நாடாவைச் சாதாரண வேகத்தில் ஓடவிட்டால் இரண்டு மணி நேரம். மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் ஆறு மணி நேரம். நாடா வாங்கும் காசைக் கணக்குப் பார்த்த இளைஞர்கள் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். இன்று நாம் பார்க்கும் பதிவுகளில் படம் கலங்கலாகவும் ஒலி அடைத்துக்கொண்டும் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கவனமாக இருந்தவர்கள் விளம்பரம் வரும்போதெல்லாம் பாஸ் பொத்தானை அழுத்தி அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் சோம்பேறிகளின் நாடாக்களே இப்போது அதிகம் பயன்படுகின்றன, ஏனென்றால் இடையில் வரும் கச்சேரி அறிவிப்பையோ புதிய ஆல்பத்தின் விளம்பரத்தையோ வைத்துத்தான் ஒளிபரப்பான வாரத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது.

இனி கேசட். ஹிப்-ஹாப் பிறந்த இடமாகச் சொல்லப்படுவது, டிஜே கூல் ஹெர்க் பிராங்க்ஸின் 1520, செட்ஜ்விக் அவென்யூவில் நடத்திய விருந்து; அதன் தேதி 1973 ஆகஸ்டு 11. முதல் பெரிய ராப் இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது 1979இல். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் இந்த இசை ஊர்விட்டு ஊர் போனது, விருந்துகளில் பதிவான கேசட்டுகளும் அவற்றின் நகல்களும் வழியாகத்தான். இசைத்தட்டுகள் வந்த பிறகும் அது நிற்கவில்லை. 1981 டிசம்பரில் ஹார்லெம் வேர்ல்டு அரங்கில் பிஸி பீ என்ற ராப் பாடகரைக் கூல் மோ டீ என்ற மற்றொரு பாடகர் மேடையிலேயே வார்த்தைகளால் வீழ்த்திய போட்டி, கேசட்டாகவே நகரெங்கும் சுற்றியது. கூட்டத்தைச் சிரிக்கவைத்தால் போதும் என்றிருந்த ராப் பாடகர்கள், சொல்லடுக்கிலும் கருத்திலும் கவனம் வைக்கவேண்டிய கட்டாயம் அதிலிருந்து தொடங்கியது என்று பலர் சொல்வார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

நண்பரின் பெட்டியில் இருந்தவற்றில் பாதி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூகேசிஆர் 89.9 வானொலியில் ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங்கும் பாபிட்டோ கார்சியாவும் 1990 முதல் 1998 வரை வியாழன் இரவுகளில் நடத்திய நிகழ்ச்சியின் பதிவுகள். இரவு ஒரு மணி முதல் ஐந்து மணி வரை அது நடக்கும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம்தான். ஆகவே பதிவு செய்ய வேண்டுமானால் விழித்திருந்து, ஒன்றே முக்காலுக்குக் கேசட்டைத் திருப்பிப் போட்டே ஆகவேண்டும். திருப்பும் அந்தச் சில நொடிகளில் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். ஒரு கேசட்டின் முதல் பக்கம் ஒருவருடைய பாட்டு வரியின் நடுவில் அறுந்து, இரண்டாம் பக்கம் அவர் முடித்தபின் அறையில் எழும் ஆரவாரத்தோடு தொடங்குகிறது. இடையில் அவர் என்ன சொன்னார் என்பது வேறு யாராவது அதே இரவில் பதிவு செய்திருந்தால்தான் தெரியும். இப்படி இரண்டு மூன்று பேரின் பதிவுகளை ஒட்டி ஒரே இரவை முழுமையாக்குவதற்கென்றே நேரம் செலவிடும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

கேசட்டின் முதுகில் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும்; அவற்றை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. நண்பரின் கேசட்டுகளில் எல்லாம் அவை உடைக்கப்பட்டிருந்தன. பதினைந்து வயதுப் பையனாக இருந்தபோதே, இது அழியக்கூடாது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். அவற்றைக் கணினியில் ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் கேசட் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைச் சிறு திருப்புளியால் திருத்தவேண்டி வந்தது. திருகாணியைக் கால் சுற்று திருப்பியதும் மந்தமாக ஒலித்துக்கொண்டிருந்த சிம்பல் (டிரம்மோடு சேர்ந்த உலோகத் தட்டு) ஓசை பளிச்சென்று வெளியே வரும். இரைச்சலை நீக்கும் மென்பொருளைப் பயன்படுத்தவேண்டாம் என்பது என் கருத்து. அது இரைச்சலோடு சேர்த்துச் சிம்பலையும் தின்றுவிடுகிறது.

விற்பனைக்கென்றே செய்யப்பட்ட மிக்ஸ்டேப்களில் கிட் காப்ரி, ரான் ஜி, டூ வாப், டோனி டச் ஆகியோர் நியூயார்க்கில் பெரிய பெயர்கள். டிஜே க்ளூ வேறு வழியில் புகழடைந்தார்: இன்னும் வெளியாகாத பாட்டுகளை எங்கிருந்தோ பெற்று, யாரும் நகலெடுத்துத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாதபடி, நல்ல வரி வரும் இடத்தில் எல்லாம் தம் பெயரை எதிரொலியோடு கத்திவைப்பார். அந்தக் கத்தலைக் கேட்டுப் பலருக்கு இன்று கண் கலங்குகிறது. எனக்கு அது இப்போதும் தொல்லைதான்.

ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ செய்தது வேறு. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளைச் சற்றே முன்பின்னாக ஓடவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் சொற்களை இரட்டிக்கச் செய்து, பிறகு முழுவதையும் வேகம் குறைத்துச் சாம்பல் நிறக் கேசட்டில் பதிவார். வாங்குவதற்கு அவர் வீட்டு வாசலில் இரவில் கார்கள் வரிசை கட்டியதைப் பார்த்துப் போலீசார் போதைப்பொருள் வியாபாரம் என்று சந்தேகித்தார்கள். 1998இல் அவர் கேசட்டுகளை மட்டுமே விற்க ஒரு கடை திறந்தார்; 2000 நவம்பரில் 29 வயதில் இறந்தார். அவருடைய இசைத்தட்டுச் சேகரிப்பு இப்போது ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. தெருவில் விற்ற சரக்கைப் பல்கலைக்கழகம் ஆவணமாக ஏற்றுக்கொண்ட அரிய நிகழ்வு அது.

இவையெல்லாம் ஏன் கைப்பேசியின் இசைச் செயலிகளில் வருவதில்லை என்றால், சட்டம். ஒரு மிக்ஸ்டேப்பில் ஐம்பது பேருடைய இசை இருக்கும். ஐம்பது பேரிடமும் யாரும் அனுமதி வாங்கவில்லை. முறையான ஆல்பங்களுக்கே இந்தச் சிக்கல் உண்டு. 1991 டிசம்பரில் ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிரான வழக்கில், பிறர் பாட்டின் துணுக்கை அனுமதியின்றி எடுத்தாண்டது திருட்டே என்று நியூயார்க் நீதிமன்றம் சொன்னதும், அந்தப் பாட்டு இருந்த ஆல்பம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. டி லா சோல் என்ற ராப் குழுவின் 1989 ஆல்பம், துணுக்குகளுக்கான உரிமைப் பிரச்சினையால் 2023 மார்ச் 3 வரை எந்தச் செயலியிலும் இல்லை. குழுவின் மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகர் அதற்கு மூன்று வாரத்துக்கு முன் காலமானார்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. ராப் பாடகர் 50 சென்ட் 2000இல் சுடப்பட்ட பின், அவரை ஒப்பந்தம் செய்திருந்த பெரிய இசை நிறுவனம் அவரைக் கைவிட்டது. 2002இல் மிக்ஸ்டேப்கள் வழியாகவே அவர் மீண்டு வந்தார். அதைப் பார்த்த நிறுவனங்கள் தாங்களே டிஜேக்களுக்குப் புதிய பாட்டுகளைக் கொடுத்து விளம்பரம் தேடிக்கொண்டன. ஆனால் 2007 ஜனவரியில் அட்லாண்டாவில் மிக்ஸ்டேப்கள் தயாரித்த டிஜே டிராமாவின் அலுவலகத்தில் போலீசார் புகுந்து, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறுந்தகடுகளை அள்ளிச் சென்றபோது, அதற்குத் துணை நின்றது அதே நிறுவனங்களின் சங்கம்தான்.

தமிழர்களுக்கு நேரடித் தொடர்புள்ள ஒன்றும் இந்த வரிசையில் இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., தம் முதல் ஆல்பம் வருவதற்கு முன் 2004இல் டிஜே டிப்லோவுடன் சேர்ந்து ஒரு மிக்ஸ்டேப் வெளியிட்டார். அதில் அவருடைய குரலுக்கு அடியில் ஓடும் பிறர் இசை எதற்கும் அனுமதி பெறப்படவில்லை; ஆகவே முறையான வெளியீடாக அது வரவே முடியாது. 2005இல் வந்த ஆல்பத்தைவிட இந்த மிக்ஸ்டேப்பே விறுவிறுப்பானது என்பது என் அபிப்பிராயம்.

ஏக்கத்தின் பெயரால் எல்லாவற்றையும் பொன்னாக்கவும் வேண்டாம். அரிய பதிவு என்று தலைப்பிட்டு வரும் பலவும், கலைஞரே நன்றாக இல்லை என்று ஒதுக்கிவைத்தவை. முந்நூறு பிரதி மட்டும் அச்சிட்டு அநியாய விலைக்கு விற்கப்படும் பழைய டெமோக்களில் (மாதிரிப் பதிவுகளில்) ஒரு முறைக்கு மேல் கேட்கத்தக்கவை குறைவு.

நீங்கள் தொடங்க விரும்பினால், 1995இல் ஸ்ட்ரெட்ச், பாபிட்டோ நிகழ்ச்சியில் ராப் பாடகர்களான பிக் எல்லும் ஜே-ஸீயும் மாறிமாறிப் பாடிய பதிவைக் கேளுங்கள். யூடியூபில் பல பிரதிகள் இருக்கின்றன. ஜே-ஸீயின் முதல் ஆல்பம் வர இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. அந்த இரவில் பெரிய ஆள் பிக் எல்தான். இருப்பதிலேயே நீளமான பிரதியைத் தேர்ந்தெடுங்கள்: முன்னும் பின்னும் ஓடும் அரட்டையையும் வெட்டாமல் விட்டவர்களின் பிரதி அது.