ஸ்டெப்னிக்கு எதற்குச் சம்பளம்?

கேள்வி: நான் லிவர்பூல் கால்பந்து கிளப்பின் ரசிகன். குவீவின் கெல்லஹர் மாதிரி ஒரு கோல்கீப்பரை 2025-ல் பிரென்ட்ஃபோர்டு கிளப்புக்கு விற்றது முட்டாள்தனம் என்பது என் கட்சி. சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தாவது பிடித்து வைத்திருக்க வேண்டும். என் நண்பனோ, “பெஞ்சில் உட்காருகிறவருக்கு எதற்குக் காசைக் கொட்ட வேண்டும்? ஸ்டெப்னிக்கு யாராவது அலாய் வீல் போடுவார்களா?” என்கிறான். யார் சொல்வது சரி?
(வாசகர் ஒருவர், நாகர்கோவில்)

பதில்: இரண்டு பேருமே தப்பு. உங்கள் நண்பர் கொஞ்சம் கூடுதலாகத் தப்பு என்பதால் அவரிடமிருந்து தொடங்குகிறேன்.

மற்ற இடத்து மாற்று ஆட்டக்காரர் என்றால் கடைசி அரை மணி நேரமாவது இறங்கி ஓடுவார். கோல்கீப்பருக்கு அதுவும் இல்லை. ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார வேண்டியதுதான். வாரம் முழுக்க மண்ணில் விழுந்து புரண்டு பயிற்சி, சனிக்கிழமை வந்தால் வேடிக்கை. இப்படிப்பட்டவரின் சம்பளத்தை ஆடிய ஆட்டங்களால் வகுத்துப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். அந்த வகுத்தலே தப்பு.

உங்கள் கிளப்பிலேயே உதாரணம் இருக்கிறது. 2019 கோடையில், பெஞ்சில் உட்கார்ந்து அலுத்துப்போன மாற்று கோல்கீப்பர் சிமோன் மிக்னோலே பெல்ஜியத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர் இடத்துக்கு ஆகஸ்ட் 5 அன்று அட்ரியன் வந்தார். வெஸ்ட் ஹாமில் ஒப்பந்தம் முடிந்து வேலையில்லாமல் இருந்த மனிதர். அவருக்காக லிவர்பூல் எந்தக் கிளப்புக்கும் ஒரு பைசா கொடுக்கவில்லை. ஆகஸ்ட் 9, இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் முதல் ஆட்டம். முதல் பாதியிலேயே முதல் கோல்கீப்பர் அலிசனுக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. அட்ரியன் உள்ளே வந்தார். கிளப்பில் சேர்ந்து நாலே நாள். முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களோடு சரியாகப் பழகிக்கூட இருக்க மாட்டார். அடுத்த வாரம் இஸ்தான்புல்லில் செல்சியோடு ஐரோப்பிய சூப்பர் கோப்பை. சமநிலையானதும் மாறி மாறிப் பெனால்டி அடிக்கும் ஷூட்அவுட்டில் டாமி ஏப்ரகாமின் கடைசி பெனால்டியைக் காலால் தடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

உடனே, “பார்த்தீர்களா, சும்மா கிடைத்தவரே போதும்!” என்று உங்கள் நண்பர் துள்ளுவார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். 2020 மார்ச் 11, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் அட்லெடிகோ மாட்ரிட் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டுக்கு வந்தது. மறுபடியும் அலிசனுக்குக் காயம், மறுபடியும் அட்ரியன். கூடுதல் நேரத்தில் லிவர்பூல் முன்னிலைக்கு வந்த சில நிமிஷங்களில், அவர் சாதாரணமாக உதைத்த பந்து நேராக எதிரணியின் ஜோவாவ் ஃபெலிக்ஸ் காலுக்குப் போனது. அடுத்த சில நொடியில் கோல். நடப்புச் சாம்பியன் அன்றைக்கே வெளியே. ஸ்டெப்னியின் விலை பஞ்சர் ஆகும்போதுதான் தெரியும். அதுவும் எந்த ரோட்டில் பஞ்சர் ஆகிறது என்பதைப் பொறுத்தது.

சரி, இப்போது உங்கள் கட்சிக்கு வருகிறேன்.

கெல்லஹர் நல்ல கோல்கீப்பர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2022 பிப்ரவரி 27, வெம்பிளியில் செல்சிக்கு எதிராக லீக் கோப்பை இறுதி ஆட்டம். முந்தைய சுற்றுகளில் ஆடியவர் என்பதற்காக, அலிசனை உட்கார வைத்துவிட்டு அவரையே நிறுத்தினார் பயிற்சியாளர் க்ளாப். இரண்டு மணி நேரமும் கோல் இல்லை. ஷூட்அவுட்டுக்குச் சற்று முன் செல்சி ஒரு தந்திரம் செய்தது. அதுவரை பிரமாதமாக ஆடிய மென்டியை வெளியே எடுத்துவிட்டு, பெனால்டிக்கென்றே கேப்பாவை இறக்கியது. ஆக, இரண்டு பக்கமும் நின்றது பெஞ்ச் கோல்கீப்பர்கள்தான். அடித்த பெனால்டி எல்லாம் உள்ளே போனது, இருபதும். இரு அணியிலும் களத்தில் இருந்த மற்ற எல்லோரும் அடித்து முடித்து, கடைசியில் கோல்கீப்பர்களே அடிக்க வேண்டிய நிலை. கெல்லஹர் சின்ன வயதில் முன்னணி ஆட்டக்காரராக இருந்தவர். பதறாமல் மேலே தூக்கி வலைக்குள் போட்டார். அடுத்து கேப்பா. பந்து கம்பத்துக்கு மேலே கேலரிக்குப் போனது. 11-10.

அப்படிப்பட்டவரை விடலாமா என்கிறீர்கள். நீங்கள் மறந்தது ஒன்று உண்டு: விடுவதா வேண்டாமா என்பது கிளப் மட்டும் முடிவு செய்கிற விஷயமாக இல்லை. 2025 ஜூனில் கெல்லஹருக்கு வயது 26. ஒப்பந்தத்தில் மீதி ஒரே வருஷம். அலிசன் இருக்கிறார்; போதாக்குறைக்கு, முந்தைய ஆகஸ்டிலேயே ஜார்ஜியாவின் மமர்தஷ்விலியை வலென்சியாவிடமிருந்து சுமார் 25 மில்லியன் பவுண்டுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். ஒரு கிளப்பின் முதல் கோல்கீப்பராக இருக்க ஆசை என்பதை கெல்லஹரும் மறைக்கவில்லை. சம்பளத்தை இரண்டு மடங்காக்கினாலும் கோல் கம்பத்துக்கு நடுவே இன்னொருவர் நிற்கத்தான் இடம் ஏது? ஸ்டெப்னிக்கு ஓட வேண்டும் என்ற ஆசை கிடையாது, டிக்கியில் கிடக்கும். 26 வயதுக்காரர் கிடக்க மாட்டார். இன்னும் ஒரு வருஷம் கெஞ்சிப் பிடித்து வைத்திருந்தால் 2026-ல் கையை வீசிக்கொண்டு போயிருப்பார், கிளப்புக்கு ஒரு பவுண்டு தேறியிருக்காது. விற்றதில் 12.5 மில்லியன் கையில், நிபந்தனைகள் நிறைவேறினால் 18 வரை. அதிலும், அவர் 2015-ல் கார்க் நகரிலிருந்து பையனாக வந்து அங்கேயே வளர்ந்தவர். வளர்த்த ஆட்டக்காரரை விற்றால் கணக்குப் புத்தகத்தில் கிட்டத்தட்ட முழுத் தொகையும் லாபம். இதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது?

நீங்கள் அடுத்து எமிலியானோ மார்ட்டினஸ் பெயரை எடுப்பீர்கள் என்று தெரியும். எல்லோரும் எடுப்பார்கள். 2010-ல் ஆர்சனலுக்கு வந்து, ஊர் ஊராக வாடகைக்குப் போய்த் திரும்பியவர். 2020 ஜூனில் பிரைட்டனில் முதல் கோல்கீப்பர் லெனோவுக்கு முழங்காலில் அடிபட, இவர் கையுறையை மாட்டினார்; ஆகஸ்டில் எஃப்.ஏ. கோப்பை கையில். உடனே “இனி நான்தானே முதல் ஆள்?” என்றார். லெனோ குணமாகி வந்துவிட்டதால் கிளப் வாக்குக் கொடுக்கவில்லை. செப்டம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்கு 20 மில்லியன் வரை பேசி விற்றது. 2022-ல் அவர் உலகக் கோப்பையைத் தூக்கியதும், இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் கோலோ முவானி அடித்ததை இடது காலால் நிறுத்தியதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்சனல் செய்தது தப்புதான். ஆனால் அது சம்பளத் தப்பு இல்லை, ஆள் தேர்வுத் தப்பு. மார்ட்டினஸ் கேட்டது இடம். அதை லெனோவுக்குக் கொடுத்துவிட்ட பிறகு, இவரை விற்பதைத் தவிர வழியில்லை. எனக்குக் கோபமே அடுத்து நடந்ததில்தான். போனவர் இடத்துக்கு ருனார்சனைக் கொண்டுவந்தார்கள். டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டியோடு லீக் கோப்பை காலிறுதி. மஹ்ரேஸ் அடித்த ஃப்ரீ கிக் அவர் கையில் பட்டு வழுக்கி உள்ளே போனது, 4-1 தோல்வி. ஜனவரியில் அவசர அவசரமாக மேத்யூ ரயனை வாடகைக்குப் பிடித்தார்கள். அடுத்த கோடையில் ராம்ஸ்டேலுக்கு 24 மில்லியன், நிபந்தனைகளோடு 30. நல்லவரை விற்கலாம், விற்ற மறுநாள் யார் உட்காரப் போகிறார் என்று யோசிக்காமல் விற்கக் கூடாது.

பிடித்து வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆள் இருக்கிறார், அதே கேப்பா. 2018-ல் செல்சி அவருக்குக் கொடுத்தது 71.6 மில்லியன் பவுண்டு, கோல்கீப்பர்களில் உலகச் சாதனை. ஒப்பந்தம் 7 வருஷம். விலையை ஒப்பந்த வருஷங்களுக்குப் பிரித்துத்தான் கிளப்புகள் கணக்கு எழுதும். அப்படிப் பார்த்தால் ஆடினாலும் ஆடாவிட்டாலும் வருஷத்துக்கு 10 மில்லியனுக்கு மேல் செலவு. 2020-ல் மென்டி வந்ததும் இவர் பெஞ்சுக்குப் போனார். அப்படி ஒரு விலையில் வாங்கியவரை யார் தலையில் கட்டுவது? ஒரு வருஷம் ரியல் மாட்ரிட், ஒரு வருஷம் போர்ன்மத் என்று வாடகைக்கு விட்டுப் பார்த்தார்கள். 2025-ல் ஆர்சனல் அவரை 5 மில்லியனுக்கு வாங்கியது, முதல் கோல்கீப்பர் ராயாவுக்கு மாற்றாக! (2019 லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இவரை மாற்ற பயிற்சியாளர் கூப்பிட்டபோது வர மறுத்து, மாற்று கோல்கீப்பர் காபயேரோவைக் கோட்டோரமே நிற்க வைத்தவரும் இதே கேப்பாதான். காலம் நன்றாகவே கேலி செய்கிறது.)

அப்படியானால் யாருக்குத்தான் காசு கொடுத்து வைத்துக்கொள்வது? வேறு எங்கும் முதல் ஆளாக ஆட ஆசைப்படாத, ஆனால் பயிற்சியில் சோம்பாத பழுத்த ஆளுக்கு. ஸ்காட் கார்சனைப் பாருங்கள். 2019 முதல் 2025 வரை சிட்டியில் இருந்தார். ஆடியது இரண்டே ஆட்டம், அதில் ஒன்றில் பாதியில் இறங்கியது. தண்டச் சோறு என்பார் உங்கள் நண்பர். ஆனால் ஒரு விதி உண்டு: பிரீமியர் லீக் பட்டியலில் 25 பேருக்கு மேல் கூடாது. அதில் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வளராதவர் 17 பேருக்கு மேல் கூடாது. மிச்ச இடங்களை உள்ளூர் ஆளைப் போட்டு நிரப்பு, இல்லாவிட்டால் காலியாக விடு. அங்கே ஒரு மூன்றாவது கோல்கீப்பர் உள்ளூர்க்காரராக இருந்தால் வெளிநாட்டில் வளர்ந்தவருக்கான ஓர் இடம் மிச்சம். மனிதர் கொடுத்து வைத்தவரும்கூட. 2005-ல் லிவர்பூல், 2023-ல் சிட்டி என்று 18 வருஷ இடைவெளியில் இரண்டு சாம்பியன்ஸ் லீக் வெற்றி. இரண்டு இறுதி ஆட்டமும் இஸ்தான்புல்லில், ஒரே மைதானத்தில். இரண்டிலும் பெஞ்சை விட்டு எழுந்து களத்துக்குள் போகவில்லை.

இஸ்தான்புல்லுக்கும் மாற்று கோல்கீப்பர்களுக்கும் என்ன ஜாதகப் பொருத்தமோ. 2025 செப்டம்பர் 30, கலாட்டாசராயோடு நடந்த ஆட்டத்தில் அலிசனுக்கு அங்கேதான் அடிபட்டது. உள்ளே வந்தவர் மமர்தஷ்விலி. முந்தைய நாள்தான் அவருக்கு 25 வயது முடிந்திருந்தது. இந்த வயதில், இந்த விலையில் வந்தவரை எத்தனை நாள் பெஞ்சில் வைத்திருக்க முடியும் என்று இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து எழுதுங்கள். கெல்லஹரை விட்டுவிடுங்கள், அவர் ஆடிக்கொண்டிருக்கிறார்.