குழந்தைகளின் வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டோன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உறக்கம் வரவழைக்கும் மருந்தை என் மகனின் வலிப்புக்கு எதற்காக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

பதில்: 1912இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகர மருத்துவர் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன், வலிப்பு நோயாளிகள் இரவில் உறங்குவதற்காக இதைக் கொடுத்தபோது, பகலிலும் வலிப்பு குறைவதைக் கண்டார். நரம்பணுக்களின் மிகைக் கிளர்ச்சியை அடக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் செயலை இது வலுப்படுத்துகிறது. சில குழந்தைகளுக்கு மட்டும் உறக்கத்துக்கு மாறாகப் படபடப்பும் எரிச்சலும் மிகும். அப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் அவசியம் தெரிவியுங்கள்.

கேள்வி: இம்மருந்து அறிவுத்திறனைக் குறைக்கும் என்கிறார்களே?

பதில்: இந்த அச்சத்துக்கு அடிப்படையான அமெரிக்க ஆய்வு 1990இல் வெளியானது. காய்ச்சலின்போது வலிப்பு வந்த, 8 முதல் 36 மாத வயதுடைய 217 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு ஃபீனோபார்பிட்டோனும் மறு பிரிவினருக்கு மருந்தில்லாப் போலி மருந்தும் தரப்பட்டன. ஈராண்டு முடிவில், மருந்து உண்ணும்படி ஒதுக்கப்பட்ட பிரிவின் சராசரி நுண்ணறிவு ஈவு 8.4 புள்ளிகள் குறைவாக இருந்ததோடு, வலிப்பு மீண்டும் வருவதும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்கு இதை அன்றாடம் கொடுப்பது தேவையற்றது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

ஆனால் காய்ச்சல் இல்லாமலே மீண்டும் மீண்டும் வலிப்பு வரும் கால்கை வலிப்பு நோய் உள்ள குழந்தையின் நிலை வேறு. மேற்கு வங்கக் கிராமங்களில் 2 முதல் 18 வயது வரையிலான 94 பேரிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், மற்றொரு வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினைவிட ஃபீனோபார்பிட்டோனால் நடத்தைக் கோளாறுகள் மிகுதியாகவில்லை. விலை குறைந்த இம்மருந்தும் கிடைக்காமல், அடிக்கடி வலிப்பு வரும் பிள்ளைக்கு நேரும் பாதிப்பையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: பச்சிளங் குழந்தைக்குப் புதிய மருந்தே மேலானதல்லவா?

பதில்: இல்லை. 2020இல் வெளியான ஒப்பீட்டில், 24 மணி நேரம் வலிப்பின்றி இருந்தோர் ஃபீனோபார்பிட்டோன் பெற்றவர்களில் 80 விழுக்காட்டினர். புதிய மருந்தான லெவெடிராசெட்டம் பெற்றவர்களில் 28 விழுக்காட்டினர் மட்டுமே.

கேள்வி: மாதக் கணக்கில் வலிப்பே வரவில்லை, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால், தொடர்ந்து நிற்காத வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எப்போது குறைப்பது என்பதை முடிவு செய்து, அளவைப் படிப்படியாகக் குறைப்பது உங்கள் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நடக்க வேண்டும்.