டிரேடிங் மென்பொருளுக்குக் காசு கட்டிக் கட்டி அலுத்துவிட்டது. அதற்கு மாற்றாக ஓப்பன் சோர்ஸில் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தும்படி) நாமே ஒன்றை எழுத முடியுமா?

முடியும். நானும் இரண்டு நண்பர்களும் மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். காசைவிட எனக்கு வேறொரு காரணம் இருந்தது. நான் சந்தா கட்டிப் பயன்படுத்திய மென்பொருள் பேக்டெஸ்டில், அதாவது பழைய விலைகளை வைத்துச் செய்யும் சோதனையில், நல்ல லாபம் காட்டியது, நிஜச் சந்தையில் அது வரவில்லை. நான் ஆர்டரில் குறித்த விலையை, அதாவது லிமிட்டை, சந்தை விலை தொட்ட உடனேயே ஆர்டர் நிறைவேறிவிட்டதாக அது கணக்கு வைத்திருந்தது. நிஜத்தில் அதே விலைக்கு எனக்கு முன்னால் ஒரு வரிசையே நிற்கும். அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கவோ திருத்தவோ எனக்கு வழியில்லை.

ஆனால் சார்ட்டில், அதாவது விலை வரைபடத்தில், தொடங்காதீர்கள். எங்கள் முதல் வருடம் அதிலேயே போனது. அதற்கெல்லாம் ஓப்பன் சோர்ஸில் ஏற்கெனவே நிரல்கள் உண்டு: இண்டிகேட்டருக்கு (விலையிலிருந்து கணக்கிடும் குறியீடுகளுக்கு) டிஏ-லிப் இருக்கிறது, பேக்டெஸ்டுக்கு லீன், பேக்டிரேடர், ஜிப்லைன் இருக்கின்றன. ஜிப்லைனை எழுதிய குவாண்டோபியன் நிறுவனம் 2020-ல் மூடப்பட்டது. நிரல் திறந்திருந்ததால் வேறு ஆட்கள் அதை எடுத்து இன்றும் நடத்துகிறார்கள். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் அதுவும் கூடவே போயிருக்கும்.

உண்மையான வேலை ஆர்டரில்தான் இருக்கிறது. 100 பங்கு வாங்க ஆர்டர் அனுப்புகிறீர்கள், பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. ஆர்டர் போய்ச் சேர்ந்ததா? மறுபடி அனுப்பினால் 200 ஆகிவிடலாம், சும்மா இருந்தால் ஒன்றுமே வாங்காமல் போகலாம். எங்களுக்கு 200 ஆனது. அப்புறம்தான் ஒவ்வொரு ஆர்டருக்கும் நாங்களே ஓர் அடையாள எண் கொடுத்து, அனுப்பும் முன்பே டிஸ்க்கில் எழுதி வைக்க ஆரம்பித்தோம். இணைப்பு திரும்பியதும் புரோக்கரின் கணக்கையும் எங்கள் கணக்கையும் ஒப்பிடுகிறோம். ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் புது ஆர்டர் போகாது. ரத்து செய்யச் சொன்ன அதே நொடியில் 40 பங்கு நிறைவேறிவிடுவதும் உண்டு, அதையும் சோதித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்தும் பொத்தானை முதல் வாரமே எழுதுங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் பழைய நிரல் தங்கிவிட்டது. அது தவறான ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு.

விலையை ஃப்ளோட்டில் (கணினி தசம எண்களைத் தோராயமாக வைக்கும் வகையில்) வைக்காதீர்கள். அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 வராது. டிக் (விலை நகரக்கூடிய மிகச் சிறிய அளவு) கணக்கில் முழு எண்ணாக வையுங்கள்.

நிரலைப் பகிர்வது போல விலைத் தரவைப் பகிர முடியாது. சந்தைகளின் உரிமம் பொதுவாக அதை அனுமதிப்பதில்லை. அதனால் ஒவ்வொருவரும் தங்கள் புரோக்கர் கணக்கு வழியாகவே தரவு எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு புரோக்கருக்கும் தனித்தனி இணைப்பு நிரல், அவர்கள் ஏபிஐயை (நம் நிரல் அவர்கள் கணினியோடு பேசும் வழியை) மாற்றும்போதெல்லாம் திருத்தம். எங்கள் நேரத்தில் பாதி இப்போது இதற்கே போகிறது. ஆகவே ஒரே ஒரு புரோக்கரோடு, போலிப் பணக் கணக்கில் தொடங்குங்கள். ஆர்டர் பாதி வழியில் இருக்கும்போது வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். கணக்கு பிசகாமல் வந்த பிறகு சார்ட் வரையலாம்.