பணம் வந்ததா, வந்ததாகக் காட்டினார்களா?

ஆன்லைன் விற்பனை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பழைய கேமராவை ஒரு விற்பனைத் தளத்தில் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் செய்தி அனுப்பினார். விலை பேசவில்லை, கூடுதல் படமும் கேட்கவில்லை. "பேபாலில் பணம் போட்டுவிட்டேன். கூரியர் ஆள் வந்து எடுத்துக்கொள்வார். அவருடைய கூலியையும் சேர்த்தே போட்டிருக்கிறேன், அதை மட்டும் நீங்கள் அவருக்கு அனுப்பிவிடுங்கள்" என்கிறார். பேபால் என்ற அந்த ஆன்லைன் கட்டணச் சேவையின் பெயரில் மின்னஞ்சலும் வந்திருக்கிறது. பார்சல் எங்கே போகிறது என்று காட்டும் ட்ராக்கிங் எண்ணைப் பதிலாக அனுப்பினால்தான் பணம் விடுவிக்கப்படும் என்று அதில் இருக்கிறது. கணக்கில் எதையும் காணோம். என்ன செய்வது?

பதில்: கேமராவை அனுப்பாதீர்கள். கூரியர் ஆளுக்கும் எதுவும் அனுப்பாதீர்கள். கணக்கில் தெரியாத பணம் வராத பணம்.

இந்த மின்னஞ்சல் புதியவர்களை ஏமாற்றுவதற்குக் காரணம் உண்டு. புதிய விற்பனையாளர்களுக்கு வரும் தொகையைப் பேபால் 21 நாள் வரை நிறுத்திவைப்பது வழக்கம்தான். ட்ராக்கிங் விவரம் சேர்த்தால் முன்கூட்டியே விடுவிப்பதும் உண்மை. மோசடிக்காரர் அந்த உண்மையின் மேல்தான் பொய்யைக் கட்டுகிறார். ஆனால் நிறுத்திவைத்த பணமும் உங்கள் கணக்குக்குள் ஒரு பதிவாகத் தெரியும். ட்ராக்கிங் எண்ணையும் அந்தப் பதிவுக்குள் போய்த்தான் சேர்க்க வேண்டும். மின்னஞ்சலுக்குப் பதிலாக அதை அனுப்பும் முறை கிடையாது.

சரிபார்க்கும்போது மின்னஞ்சலில் உள்ள எந்த லிங்கையும் தொடாதீர்கள். ஆப்பைத் திறந்தோ, முகவரியை நீங்களே தட்டச்சு செய்தோ கணக்குக்குள் போங்கள். அனுப்பியவரின் பெயராகத் திரையில் தெரிவதை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அதனால் முழு முகவரியையும் பாருங்கள். முகவரி சரியாக இருப்பதும் போதாது. பேபால் வழியாகவே ஒரு பில்லையோ பணக் கோரிக்கையையோ உருவாக்கி, அதன் குறிப்புப் பகுதியில் "பணம் செலுத்தப்பட்டது" என்று எழுதிவிட்டால், அந்த மின்னஞ்சல் உண்மையான பேபால் முகவரியிலிருந்தே உங்களுக்கு வரும். கணக்கின் பரிவர்த்தனைப் பட்டியல் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

அடுத்தது "கூடுதலாகப் போட்டிருக்கிறேன்" என்ற பேச்சு. இதில் பெரும்பாலும் பணமே வந்திருக்காது. வந்திருந்தால் அது திருடிய அட்டையிலிருந்தோ, வேறொருவரின் கணக்கிலிருந்தோ வந்திருக்கும். உரியவர் புகார் கொடுத்ததும் முழுத் தொகையும் திரும்பப் போய்விடும். நீங்கள் கூரியர் ஆளுக்கு அனுப்பியது மட்டும் திரும்பாது, ஏனென்றால் அதைத் திருப்பி எடுக்க முடியாத வழியில்தான் கேட்டு வாங்குவார்கள். காசோலையிலும் இதே கதைதான். பணம் உண்மையில் வசூலாகும் முன்பே வங்கி அதை உங்கள் இருப்பில் காட்டக்கூடும். பிறகு காசோலை போலி என்று தெரிந்தால், அதை உங்கள் கணக்கிலிருந்தே கழித்துக்கொள்ளும். சரியான தொகைக்கு மேல் ஒருவர் பணம் தந்தால் விற்பனையை ரத்து செய்யுங்கள். வந்த பணத்தை வந்த வழியாகவே, முழுவதுமாகத் திருப்புங்கள். மிச்சத்தை மட்டும் வேறு ஒருவருக்கு அனுப்பும் வேலையே வேண்டாம்.

பத்து நிமிடத்தில் செய்தி வந்ததும் ஒரு தடயம். ஒரே செய்தியை நூற்றுக்கணக்கான விளம்பரங்களுக்கு அனுப்புவதால்தான் "பொருள் இன்னும் இருக்கிறதா" என்று பொருளின் பெயரே இல்லாமல் எழுதுகிறார்கள். "இதோடு வரும் லென்ஸ் உங்கள் தேவைக்குப் போதுமா?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையில் வாங்க வந்தவர் லென்ஸைப் பற்றிப் பேசுவார். மற்றவர் மறுபடியும் பணம், கூரியர், மின்னஞ்சல் முகவரி என்றே வருவார்.

பொதுவாக மூன்று விஷயங்களில் ஏதாவது ஒன்றை மாற்றத்தான் மோசடிக்காரர் முயல்வார்: பேசும் இடம், பணம் வரும் வழி, பொருள் போகும் முகவரி. தளத்தின் சாட் பகுதியை விட்டு வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்கிறாரா, தளத்தின் கட்டண முறை வேண்டாம் என்கிறாரா, ஆர்டரில் உள்ள முகவரிக்குப் பதில் வேறொன்று தருகிறாரா என்று பாருங்கள். தளங்கள் தரும் பாதுகாப்பு எல்லாமே இந்த மூன்றும் மாறாமல் இருந்தால்தான் செல்லும்.

கேள்வி: பணம் அனுப்புவதற்காக ஒரு கியூஆர் கோடு அனுப்பியிருக்கிறார். அதை நான் ஸ்கேன் செய்து என் ரகசிய PIN எண்ணைப் போட்டால் பணம் வந்துவிடுமாம்.

பதில்: போய்விடும். ஸ்கேன் செய்பவர்தான் பணம் கொடுப்பவர். பணம் வாங்க PIN எண் தேவையே இல்லை. நம்பிக்கை வரட்டும் என்று முதலில் ஒரு சிறிய தொகையை உண்மையாகவே அனுப்பிவிட்டு, பெரிய தொகைக்கு இப்படிக் கேட்பவர்களும் உண்டு. பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் ஏற்காதீர்கள். அதைத் தயாரித்துத் தரும் போலி ஆப்கள் இருக்கின்றன.

கேள்வி: "நீங்கள் நிஜமான ஆள்தானா என்று பார்க்க ஒரு 6 இலக்க எண் அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள்" என்று வாங்க வந்தவர் கேட்கிறார்.

பதில்: அவர் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொண்டு வேறு எங்கோ உள்ளே நுழையப் பார்க்கிறார். வாட்ஸ்அப்பின் பதிவுக் குறியீடும் 6 இலக்கம்தான். அதைச் சொன்னால் உங்கள் வாட்ஸ்அப் கணக்கு அவர் கைக்குப் போகும், உங்கள் பெயரில் உங்கள் உறவினர்களிடம் பணம் கேட்பார். குறுஞ்செய்தியில் வரும் எந்த எண்ணையும் யாரிடமும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தால், உடனே உங்கள் எண்ணை மீண்டும் பதிவு செய்து, இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

கேள்வி: நல்ல நிலையில் அனுப்பிய ஹெட்போன் உடைந்து வந்ததாகச் சொல்லி ரிட்டர்ன் கேட்டார்கள். திரும்பி வந்த பெட்டியில் இருந்தது என் பொருளே இல்லை, அதே மாடலில் பழுதான வேறொன்று. தளத்திடம் எப்படி நிரூபிப்பது?

பதில்: இந்த ஒரு முறை நிரூபிப்பது, அனுப்பும்போது என்ன பதிவு வைத்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. வரிசை எண் தெரியும் படம் ஏதாவது, விளம்பரத்தில் போட்டதாவது, இருந்தால் அதையும், வந்த பொருளின் வரிசை எண் படத்தையும் அருகருகே வைத்து, ரிட்டர்ன் கோரிக்கைக்குள்ளேயே புகார் கொடுங்கள். தனி மின்னஞ்சல் வேண்டாம். பதில் சொல்லக் கொடுக்கும் கெடு தவறினால் தளம் தானாகவே வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிவிடும். அதனால் அரைகுறை ஆதாரமாக இருந்தாலும் கெடுவுக்குள் பதில் போடுங்கள்.

இனி அனுப்பும் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவிடுங்கள். வரிசை எண், மொபைல் என்றால் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி எண்), இவை படிக்கும்படி தெளிவான படம் எடுங்கள். எண் இல்லாத பொருளில் கீறல், தையல் முடிச்சு, மர ரேகை போன்ற ஏதாவது தனி அடையாளத்தை நெருக்கத்தில் படம்பிடியுங்கள். புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் பேனாவால் உள்பக்கம் ஒரு குறி போட்டுவைப்பவர்களும் உண்டு, அதுவும் உதவும். பிறகு, பொருள் இயங்குவது, பெட்டிக்குள் போவது, டேப் ஒட்டுவது, முகவரிச் சீட்டு ஒட்டுவது ஆகிய நான்கும் இடையில் வெட்டாத ஒரே வீடியோவில் வர வேண்டும். வெட்டு இருந்தால் அந்த இடைவெளியில் பொருளை மாற்றியதாக எதிர்த்தரப்பு வாதிடும்.

இதில் பலர் விட்டுவிடுவது எடை. பெட்டியைத் தராசில் வைத்து, எண் தெரிய அதையும் வீடியோவில் சேருங்கள். கூரியர் ரசீதிலும் எடை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். "காலிப் பெட்டிதான் வந்தது" என்ற புகாருக்கு இதைவிட வலுவான பதில் கிடையாது: 1.4 கிலோ என்று மூன்றாம் தரப்பான கூரியர் பதிவு செய்த பெட்டி காலியாக இருக்க முடியாது. ரிட்டர்னில் எடை வேறான பொருளை வைத்து ஏமாற்றினாலும் அதே எடைதான் காட்டிக்கொடுக்கும்.

திரும்பி வரும் பெட்டியையும் வீடியோ எடுத்தபடியே பிரியுங்கள். ஆறு பக்கத்தையும் டேப்பையும் காட்டிவிட்டுப் பிறகு வெட்டுங்கள். பொருள் கைக்கு வந்து சரிபார்க்கும் வரை ரீஃபண்ட் கொடுக்காதீர்கள். "பாதித் தொகை கொடுங்கள், பொருளை நானே வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் மோசமாக ரிவியூ எழுதுவேன்" என்று கேட்டால், அதைத் தளத்தின் சாட்டிலேயே எழுத வையுங்கள். மிரட்டிப் பணம் கேட்பதைப் பெரிய தளங்களின் விதிகள் தடுக்கின்றன, ஆனால் அவர்கள் பார்க்கும் இடத்தில் அந்தப் பேச்சு இருக்க வேண்டும்.

கேள்வி: சொந்த இணையதளத்தில் விற்கிறேன். முதல்முறை வாங்குபவர், விலை உயர்ந்த பொருள் ஆறு, அதிவேக டெலிவரி. அட்டைப் பணம் வந்துவிட்டது. இருந்தாலும் உறுத்துகிறது.

பதில்: அந்த உறுத்தலுக்கு மதிப்புக் கொடுங்கள். அட்டைப் பணம் வந்தது, முடிந்த கணக்கு ஆகாது. உரியவர் மறுத்தால் வங்கி அதைத் திரும்ப எடுக்கும், அதுதான் சார்ஜ்பேக். விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளில் பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. பேபாலில் வாங்கியவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். பொருளும் போய், பணமும் போய், பல நிறுவனங்களில் சார்ஜ்பேக் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

ஆர்டர் பதிவைத் திறந்து பாருங்கள். அட்டைக்குரிய முகவரியும் டெலிவரி முகவரியும் வேறா? இது மட்டும் குற்றம் ஆகாது, பரிசு அனுப்புபவர்களும் இப்படித்தான் வாங்குவார்கள். அதற்கு முன் இரண்டு மூன்று அட்டைகள் அடுத்தடுத்து நிராகரிக்கப்பட்டனவா? மிகச் சிறிய ஆர்டர் ஒன்று சற்று முன்பு அதே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வந்ததா? அது திருட்டு அட்டை வேலை செய்கிறதா என்று பார்த்த சோதனையாக இருக்கலாம். டெலிவரி முகவரி, பார்சலை வாங்கி வேறு நாட்டுக்கு அனுப்பும் கிடங்கா? இவற்றில் இரண்டு சேர்ந்தால் ஆர்டரை நிறுத்துங்கள்.

நிறுத்தியபின் ஆர்டரில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள், என்ன வாங்கினார் என்று அவர் வாயாலேயே கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ரத்து செய்து, வந்த அட்டைக்கே பணத்தைத் திருப்புங்கள். "அந்த அட்டை முடங்கிவிட்டது, வேறு கணக்கில் போடுங்கள்" என்றால் மறுத்துவிடுங்கள். பின்னால் சார்ஜ்பேக்கும் வந்தால் இரண்டு முறை பணம் கொடுத்தவராவீர்கள்.

3டி செக்யூர் என்னும் கூடுதல் சரிபார்ப்பை உங்கள் கட்டண நிறுவனத்தில் இயக்கிவையுங்கள். அது முழுமையாக முடிந்த பரிவர்த்தனையில், "நான் வாங்கவில்லை" என்ற புகாரின் பொறுப்பு பொதுவாக அட்டை கொடுத்த வங்கிக்கு மாறும். "பொருள் வரவில்லை", "சொன்னபடி இல்லை" என்ற புகார்களுக்கு அது உதவாது. அவற்றுக்குக் கையொப்பம் பெற்ற டெலிவரிதான் காப்பு. ஆன்லைனில் பணம் கட்டிவிட்டு நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் கவனமாக இருப்பதும் இதனால்தான்: கூரியர் பதிவு இல்லாவிட்டால் "வரவில்லை" என்று அவர் சொன்னதும் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

கேள்வி: ஏமாந்துவிட்டேன். நேற்றுதான் பார்சல் கிளம்பியது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியலாம், மணிக்கணக்கு முக்கியம். முதலில் கூரியரை அழைத்து, டெலிவரியை நிறுத்தி அனுப்பியவருக்கே திருப்பும்படி கேளுங்கள். பொருள் இன்னும் கைமாறவில்லை என்றால் பல நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்யும். வழியில் முகவரியை மாற்ற வாங்குபவருக்கு அனுமதி உண்டா என்று கேட்டு, அதையும் முடக்கச் சொல்லுங்கள். நீங்கள் பணமும் அனுப்பியிருந்தால் கூரியருக்கு முன்பே வங்கியை அழையுங்கள். பிறகு சாட், மின்னஞ்சல், கூரியர் ரசீது, வாங்கியவரின் கணக்குப் பக்கம் எல்லாவற்றையும் சேமித்துவைத்துத் தளத்திலும் காவல்துறையிலும் புகார் கொடுங்கள். உங்களை பிளாக் செய்துவிட்டு அவர் சாட் பதிவுகளை அழிக்கும் முன் சேமியுங்கள்.

அடுத்த சில நாளில் "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது உங்களைத் தேடி வரக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது. அவர்களுக்குப் பதிலே அனுப்பாதீர்கள்.